மாட் அம்மாவின் கல்யாணம்

நம் வளாகத்துப் பிள்ளைகளில் பலர் நெட்ஃபிளிக்ஸில் சிவப்பு முடிக்காரி ஆனின் தொடரைப் பார்த்திருக்கிறார்கள். ஆன் ஓர் அநாதைச் சிறுமி. அவளை எடுத்து வளர்க்கும் அண்ணனும் தங்கையும் கல்யாணம் செய்துகொள்ளாமல் ஒரே வீட்டில் முதுமை அடைந்தவர்கள். அந்தக் கதையை எழுதிய லூசி மாட் மான்ட்கமரியின் வாழ்க்கை, கதையைவிடக் கனமானது. சென்ற இதழில் கிராமத்துக் கல்யாணங்களைப் பற்றிய கட்டுரை வந்தபோதே இவரைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

கனடாவின் கிழக்குக் கரையில் பிரின்ஸ் எட்வர்ட் தீவு என்று ஒரு சிறிய தீவு இருக்கிறது. செம்மண் பூமி; உருளைக்கிழங்கும் மீனும்தான் பிழைப்பு. மாட் அங்கே 1874 நவம்பர் 30 அன்று பிறந்தார். இரண்டு வயது நிறைவதற்குள் தாய் காசநோயில் இறந்துபோனார். தந்தை குழந்தையைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டு மேற்கே சஸ்காட்சுவானுக்குப் பிழைக்கப் போய், அங்கே மறுமணம் செய்துகொண்டார். பதினைந்து வயதில் அப்பாவோடு இருக்கலாம் என்று ஆசையாகப் போன பெண்ணுக்குக் கிடைத்தது, சித்தியின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஓராண்டில் தீவுக்கே திரும்பிவிட்டார்.

தாத்தா வீடு இருந்த கேவெண்டிஷ் கிராமத்தில் மக்நீல், சிம்சன், கிளார்க் என்ற மூன்று குடும்பங்களே பிரதானம். அவர்களுக்குள்ளேயே கொண்டும் கொடுத்தும் வந்ததால், யாரைப் பார்த்தாலும் ஏதோ ஒரு முறையில் சொந்தம். 1897-இல் எட்வின் சிம்சன் என்ற தூரத்து உறவினருக்கு மாட் ரகசியமாகச் சம்மதம் சொன்னார். படித்தவர், எல்லாப் பொருத்தமும் உள்ளவர். ஆனால் சம்மதம் சொன்ன சில நாட்களிலேயே, அவர் தொட்டாலே தனக்குப் பிடிக்கவில்லை என்பது மாட்டுக்குப் புரிந்தது. அதற்கு அடுத்த மாதங்களில் ஆசிரியையாக வேலை பார்த்த ஊரில், தங்கியிருந்த வீட்டு விவசாயி மகன் ஹெர்மன் லியர்ட் மீது மனம் போனது. அவரை மணப்பது சரிவராது என்று அறிவு சொன்னது. கடைசியில் இருவருமே வேண்டாம் என்று முடிந்தது. ஹெர்மன் 1899-இல் இளம் வயதிலேயே இறந்துபோனார்.

இதற்கிடையே 1898-இல் தாத்தா காலமானார். உயிலின்படி நிலம் மகனுக்குப் போனது. மகன் பேரப்பிள்ளைக்கு அந்த வீட்டைக் கொடுத்துக் குடிவைக்கப் பார்த்தார். முதிய பாட்டி தனியாக அங்கே இருந்து சமாளிக்க முடியாது. பேத்தி உடனிருந்தால்தான் பாட்டியால் தன் வீட்டிலேயே கண்மூட முடியும். மாட் ஆசிரியை வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். நடுவில் சில மாதங்கள் ஹாலிஃபாக்ஸ் நகரில் செய்தித்தாள் ஒன்றில் வேலை பார்த்ததைத் தவிர, 1911 வரை அந்த வீட்டை விட்டு நகரவில்லை.

அந்த வீட்டு அடுக்களையில்தான் கிராமத்துத் தபால் நிலையமும் நடந்தது. இது மாட்டுக்கு ஒரு பெரிய வசதி. கதைகளைப் பத்திரிகைகளுக்கு அனுப்புவதும், அவை திரும்பி வருவதும் அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியாது. ‘ஆன்’ நாவலைப் பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. அதைத் தொப்பிப் பெட்டி ஒன்றில் போட்டு வைத்திருந்து, பிறகு ஒருநாள் எடுத்துப் பார்த்து மீண்டும் அனுப்பினார். பாஸ்டனில் ஒரு பதிப்பகம் ஏற்றது. 1908-இல் புத்தகம் வந்து உலகமெங்கும் விற்றது. அப்போதும் அவர் தபால் பிரித்துக்கொண்டும், பாட்டிக்குச் சமைத்துக்கொண்டும் அதே வீட்டில்தான் இருந்தார்.

கேவெண்டிஷ் தேவாலயத்துக்கு 1903-இல் போதகராக வந்தவர் யூவன் மெக்டொனால்ட். 1906-இல் அவரும் மாட்டும் கல்யாணம் செய்துகொள்ள முடிவெடுத்தார்கள். ஒரு நிபந்தனை மட்டும்: பாட்டி இருக்கும்வரை கல்யாணம் இல்லை. ஊருக்குச் சொல்லவும் இல்லை. ஐந்து ஆண்டுகள் யூவன் காத்திருந்தார். அவர் பக்கத்தையும் நாம் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு போதகர் அத்தனை ஆண்டுகள் காத்திருப்பது சாதாரணமில்லை.

1911 மார்ச்சில் பாட்டி மறைந்தார். சில நாட்களிலேயே மாட் வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. 1911 ஜூலை 5 அன்று, பார்க் கார்னர் என்ற ஊரில் தாய்வழி உறவினரான கேம்பல் குடும்பத்தின் வீட்டில் கல்யாணம் நடந்தது. அக்கால வழக்கப்படி தேவாலயத்தில் இல்லாமல் வீட்டுக் கூடத்திலேயே நடந்தது. கூடத்தில் ஆர்கன், வெள்ளைப் பட்டு உடை, மாப்பிள்ளை கொடுத்த செவ்வந்திக்கல்லும் முத்தும் கோத்த மாலை, பிறகு உறவினரோடு பகல் விருந்து. மணப்பெண்ணுக்கு வயது 36.

அந்த விருந்தில் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபோது, திடீரென்று எல்லாவற்றையும் விட்டு ஓடிவிட வேண்டும் போல இருந்தது என்று தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். மோதிரத்தைக் கழற்றி வீசத் தோன்றியதாம். சிறிது நேரத்தில் அந்த எண்ணம் அடங்கிவிட்டது. சிரித்துப் பேசி விடைபெற்றார். சுற்றியிருந்த யாருக்கும் தெரியவில்லை. அந்த நாட்குறிப்புகள் அச்சில் வர 1985 வரை ஆயிற்று. இந்தப் பகுதியைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டுப் பழைய கல்யாண போட்டோக்களில் தலை குனிந்து நிற்கும் பெண்களின் நினைவுதான் வந்தது.

இங்கிலாந்து, ஸ்காட்லாந்துக்குத் தேனிலவு. யார்க் நகரில் ஒரு ஜோடி பீங்கான் நாய் பொம்மைகளை வாங்கினார். சின்ன வயதில் அப்பா வழித் தாத்தா வீட்டில் அதே மாதிரி ஒரு ஜோடியை ஆசையாகப் பார்த்திருந்தாராம். திரும்பி வந்து டொரன்டோவுக்கு வடகிழக்கே லீஸ்க்டேல் என்ற கிராமத்துப் போதகர் இல்லத்தில் குடியேறினார்கள். உள்ளே குளியலறையோ கழிப்பறையோ இல்லாத வீடு. அதற்காக அவர் புலம்பியிருக்கிறார். ஆனால் முதல்முறையாகத் தனக்கென்று ஒரு வீடு.

மூன்று மகன்கள் பிறந்தார்கள். 1914-இல் பிறந்த நடு மகன் உயிரோடு பிறக்கவில்லை. போதகர் மனைவிக்குச் சம்பளம் கிடையாது, வேலைக்கும் குறைவு கிடையாது. ஞாயிறு பள்ளி, பெண்கள் சங்கம், இளைஞர் நாடகம், சபையார் வீடுகளுக்குப் போய்த் தேநீர் குடித்து நலம் விசாரிப்பது. ஒரு வீட்டுக்குப் போய் இன்னொரு வீட்டுக்குப் போகாவிட்டால் வருத்தம். (இதை நம் சங்கத்து நிர்வாகிகளிடம் விளக்கத் தேவையில்லை.) இத்தனைக்கும் நடுவே காலை நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுவார். அந்த வீட்டில் மட்டும் 11 புத்தகங்கள்.

1919 அவரை முறித்துப் போட்டது. ஜனவரியில், உயிர்த்தோழியாக இருந்த ஒன்றுவிட்ட சகோதரி ஃபிரெட் கேம்பல் விஷக்காய்ச்சலில் போய்விட்டார். சில மாதங்களில் யூவனுக்கு மனநோய் முற்றியது. தான் நரகத்துக்கென்றே விதிக்கப்பட்டவன் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. மேடையேறி ஆண்டவனின் கருணையைப் பேச வேண்டியவருக்கு இப்படி ஒரு நோய். சபைக்குத் தெரிந்தால் வேலை போகும், பிள்ளைகளின் எதிர்காலம் போகும் என்று பயந்து, மாட் ஆண்டுக்கணக்கில் அதை மறைத்தார். தலைவலி, தூக்கமின்மை என்று வருவோரிடம் சொல்லிச் சமாளித்தார். கூட நின்று தாங்க ஒருவரும் இல்லை. மறைத்தது சரியா என்று இன்று கேட்கலாம். அன்று அவருக்கு வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

1933-இல் மூத்த மகன் செஸ்டர், தான் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டதாக வந்து சொன்னார். தாய் நொறுங்கிப் போனார். ஐந்து ஆண்டுகள் தன் நிச்சயத்தை ஊருக்கு மறைத்தவர்தான் அவர்; ஆனால் போதகர் வீட்டுப் பிள்ளை என்றால் கணக்கு வேறு.

1935-இல் யூவன் ஓய்வு பெற்றார். டொரன்டோவில் முதல்முறையாகச் சொந்த வீடு வாங்கினார்கள். அதிலும் நிம்மதி இல்லை. 1942 ஏப்ரல் 24 அன்று அந்த வீட்டில் மாட் இறந்தார். மன அழுத்தத்தால் அவரே தன் முடிவைத் தேடிக்கொண்டார் என்று குடும்பம் நம்புவதைப் பேத்தி 2008-இல் வெளியில் சொன்னார். எல்லா ஆய்வாளரும் அதை ஏற்கவில்லை. உடல் கேவெண்டிஷுக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் கதையில் வரும் வீட்டைப் பார்த்தபடி அடக்கம் செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு யூவனும் அவர் பக்கத்திலேயே அடக்கமானார்.

பாட்டிக்காக அவர் காத்த வீட்டில் பின்னர் யாரும் குடியேறவில்லை. இடிக்கப்பட்டு இன்று அடித்தளக் கற்கள்தான் இருக்கின்றன. பார்க் கார்னர் வீடு அருங்காட்சியகமாகிவிட்டது. ஜப்பானிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் ஜோடிகள் அங்கே வந்து, அதே கூடத்தில், அதே ஆர்கனுக்குப் பக்கத்தில் நின்று கல்யாணம் செய்துகொள்கிறார்கள்.