சுவர் இவரோடது, பேர் வேற ஆளோடது

எட்வர்ட் சில்வெஸ்டர் மோர்ஸ். தந்தி மோர்ஸ் இல்ல, அவர் சாமுவேல். இவர் 1838-ல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் பிறந்தவர். ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகளில் இருந்து துரத்தப்பட்டு, ரயில் எஞ்சின் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன் ஆனார். மனசெல்லாம் நத்தை ஓடு பொறுக்குவதில்தான். அந்த ஓடுகளே அவரை ஹார்வர்டில் பேராசிரியர் அகாசியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தன. 1877-ல் ஜப்பான் போனவர், ஓடும் ரயிலில் இருந்தே ஓமோரியின் பழங்காலச் சிப்பி மேட்டைக் கண்டுபிடித்தார்.

நமக்கு வேண்டிய கதை சேலத்தில். நம்ம சேலம் இல்லீங்க, மாசசூசெட்ஸ் சேலம்! வெயில் படும் ஜன்னலில் கருந்திரை தொங்கினால், கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே காற்று சூடாகி மேலே ஏறுவதைக் கவனித்தார். அவ்வளவுதான். தெற்குச் சுவரில் கறுப்புக் கற்பலகை, அதன் முன்னால் கண்ணாடி, நடுவில் கொஞ்சம் இடைவெளி, கீழே ஒரு துவாரம், மேலே ஒன்று. அறையின் குளிர்ந்த காற்று கீழே நுழைந்து, சூடாகி, மேல் துவாரம் வழியா அறைக்கே திரும்பும். ஃபேன் இல்ல, பம்ப் இல்ல, நிலக்கரி இல்ல. 1881-ல் காப்புரிமையும் வாங்கிட்டார்.

ஒரு குறை உண்டு. மெல்லிய பலகை வெப்பத்தைச் சேமிக்காது. பொழுது சாய்ஞ்சா சூடும் போச்சு. 1967-ல் பிரான்சின் ஓடெய்யோவில் ஃபெலிக்ஸ் த்ரோம்பும் கட்டடக் கலைஞர் ஜாக் மிஷலும் பலகைக்குப் பதிலாகத் தடித்த கான்கிரீட் சுவரை வைத்தார்கள். ராத்திரியும் சூடு வந்தது. பாடப்புத்தகத்தில் அது த்ரோம்ப் சுவர் ஆயிடுச்சு. சேமிப்பைச் சேர்த்தது பெரிய வேலைதான், ஒத்துக்கிறேன். ஆனா கண்ணாடி, இடைவெளி, ரெண்டு துவாரம் எல்லாம் மோர்ஸோட வரைபடத்திலேயே இருக்கே!

1923 நிலநடுக்கத்தில் நூலகத்தை இழந்த டோக்கியோ பல்கலைக்கழகத்துக்குத் தன் புத்தகங்களை எழுதிவைத்துவிட்டு, 1925-ல் அதே சேலத்தில் காலமானார்.