நகைப்புக்கு ஆளான உண்மை: பேரறிஞர் சந்திரசேகர்

1999 ஆம் ஆண்டு ஜூலை 23 ஆம் நாள், கொலம்பியா விண்கலம் ஒரு தொலைநோக்கியை ஏந்திச் சென்றது. சந்திரனுக்குள்ள தொலைவில் மூன்றிலொரு பங்கு வரை சென்று மீளும் நீள்வட்டப் பாதையில் அது நிலைநிறுத்தப்பட்டது. கருந்துளைகளின் அருகிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களை ஆராய்வது அதன் தலையாய பணிகளுள் ஒன்று. அதற்குச் சூட்டப்பட்ட பெயர் 'சந்திரா'. அப்பெயருக்கு உரியவரான சுப்பிரமணியன் சந்திரசேகரின் வாழ்வை இம்மலர் வாயிலாக நம் மாணவச் செல்வங்களுக்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

சந்திரசேகர் 1910 ஆம் ஆண்டு அக்டோபர் 19 ஆம் நாள் லாகூரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் இரயில்வே கணக்குத் துறையில் அலுவலர். அன்னையார் சீதாலட்சுமி, இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் பெயர்த்தவர். அறிவியல் மேதை சர் சி. வி. இராமன் இவருக்குச் சிறிய தந்தை. பன்னிரண்டு வயது வரை வீட்டிலேயே கற்ற சந்திரசேகர், பின்னர் சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார்.

1930 ஆம் ஆண்டு மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது அவருக்கு வயது பத்தொன்பது. அக்கடற்பயணத்திலேயே அவர் ஒரு பெருங்கணக்கைச் செய்தார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி 'வெண்குறுமீன்' ஆகும் என்பது அந்நாளைய அறிஞர் கருத்து. ஆனால் அவ்வாறு எஞ்சும் பொருள் சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்டிருந்தால், அது அந்நிலையில் நிற்க இயலாது. மேலும் ஒடுங்கியே தீரும். இந்த வரம்பே இன்று 'சந்திரசேகர் எல்லை' எனப் போற்றப்படுகிறது.

1935 ஜனவரியில் இலண்டன் அரச வானியற் கழகத்தில் தம் முடிவை அவர் எடுத்துரைத்தார். அடுத்துப் பேச எழுந்தவர் அக்காலத்தின் தலைசிறந்த வானியலாளர் எடிங்டன். விண்மீன் ஒன்று ஒளியும் தப்பவியலாத அளவுக்கு ஒடுங்குவது பொருந்தாத கற்பனை என அவர் எள்ளினார், அவையும் நகைத்தது. சந்திரசேகரின் பக்கமே நியாயம் உள்ளது என்று தனிமையில் ஒப்புக்கொண்ட அறிஞர்கள் சிலர், அவையறிய அதனைச் சொல்ல முன்வரவில்லை.

இருபத்து நான்கே வயதான அவ்விளைஞர் வருந்தினாரெனினும் தம் முடிவைக் கைவிடவில்லை. 1937 இல் அமெரிக்கா சென்று சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். வேறு பல துறைகளில் ஆழ்ந்து நூல்கள் படைத்தார். எடிங்டனுடன் பகைமையும் பாராட்டவில்லை. 1982 இல் கேம்பிரிட்ஜில் அவரது பெருமையைப் போற்றி நூற்றாண்டுச் சொற்பொழிவு ஆற்றியவர் சந்திரசேகரே.

காலம் உண்மைக்குச் சான்று தேடிக் கொடுத்தது. எக்ஸ் கதிர்களை நம் வளிமண்டலம் தடுத்துவிடும்; ஆகவே ஏவுகணைகளிலும் செயற்கைக் கோள்களிலும் கருவிகள் அனுப்பப்பட்டன. கருந்துளை ஒளி விடாதது. எனினும் அதனுள் விழும் வாயு சுழன்று உராய்ந்து கடும் வெப்பமுற்று, உட்புகுமுன்னரே எக்ஸ் கதிர்களை வீசுகிறது. 1964 இல் அன்னப்பறவை விண்மீன் குழுவில் அறியப்பட்ட 'சிக்னஸ் எக்ஸ்-1' அத்தகையதே. 1970 களில் அது கருந்துளை எனப் பலரும் ஏற்கலாயினர். விண்மீன் திரள்களின் நடுவில் சூரியனைப் போல் பல இலட்சம், பல கோடி மடங்கு நிறையுள்ள கருந்துளைகளும் இவ்வாறே தம்மைக் காட்டிக்கொள்கின்றன.

1983 இல் கருந்துளைகளின் கணிதம் பற்றிய அவரது பெருநூல் வெளிவந்தது. அவ்வாண்டே, தமது 73 ஆம் வயதில், நோபல் பரிசை வில்லியம் ஃபௌலருடன் பகிர்ந்து பெற்றார். 1995 ஆகஸ்ட் 21 ஆம் நாள் சிக்காகோவில் அவர் மறைந்தார்.

தொலைநோக்கிக்குப் பெயரிட நடைபெற்ற போட்டியில் உலகெங்கிலுமிருந்து ஏறத்தாழ ஆறாயிரம் பேர் பங்குகொண்டனர். வெற்றி பெற்ற இருவருள் ஒருவர் பள்ளி மாணவர், மற்றவர் ஆசிரியர். அத்தொலைநோக்கி, முழுநிலவு மறைக்கும் பரப்பினும் சிறிய வான்பகுதியொன்றை மொத்தம் எழுபது இலட்சம் வினாடிகள் நோக்கி, ஏறத்தாழ ஆயிரம் எக்ஸ் கதிர் மூலங்களைக் கண்டது. அவற்றுள் பெரும்பாலானவை கருந்துளைகள்! அன்று அவை நகைத்த பொருள் வானெங்கும் நிறைந்திருக்கக் காண்கிறோம்.

நம் பிள்ளைகள் நேர்மையாகக் கணித்து அறிந்ததைப் பெரியோர் மறுத்தாலும் சோர்வடைய வேண்டா. மறுத்தவர் மீது சினம் கொள்ளவும் வேண்டா. சந்திரசேகரின் வாழ்விலிருந்து நாம் பெறும் பாடம் இதுவே.