சிறகுகளில் எல்லை கண்டவர்

நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் கறிவேப்பிலைச் செடியை நாடி வரும் வண்ணத்துப்பூச்சி ஒன்று உண்டு. அதன் பெயரே கறிவேப்பிலை அழகி. ஆண் கறுப்பு நிறமுடையது. பின்சிறகின் குறுக்கே வெண்புள்ளிகள் வரிசையாக அமைந்திருக்கும். பெண்ணோ ஒரே தோற்றத்தில் வருவதில்லை. சில பெண் பூச்சிகள் ஆணைப் போலவே இருக்கும். சில, ரோசா அழகி என்னும் வேறோர் இனத்தைப் போலத் தோன்றும். இன்னும் சில, சிவந்த உடல்கொண்ட சிவப்புடல் அழகியை அப்படியே ஒத்திருக்கும். இவை மூன்றும் ஒரே தாயின் வயிற்றில் பிறந்தவையாகவும் இருக்கலாம். உருவத்தைக் கொண்டே உயிரினங்களுக்குப் பெயரிட்டு வந்த அறிஞர்கள் இங்கே இடறி விழுந்ததில் வியப்பில்லை. ஓர் இனத்தின் ஆணும் பெண்ணும் பழைய நூல்களில் தனித்தனி இனங்களாகப் பெயர்பெற்று நின்றன.

இனம் என்றால் என்ன? ஓர் இனம் எங்கே முடிகிறது, மற்றோர் இனம் எங்கே தொடங்குகிறது? இவ்வினாக்களை வெப்பமண்டல வண்ணத்துப்பூச்சிகளின் சிறகுகளை வைத்தே ஆராய்ந்தவர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். சார்லஸ் டார்வினோடு சேர்த்து நினைக்கப்படும் பெயர். ஆயினும், டார்வினின் நிழலிலேயே பெரும்பாலும் நின்றுவிட்ட பெயர்.

இளமையும் நட்பும்

வாலஸ் 1823ஆம் ஆண்டு சனவரி 8ஆம் நாள் வேல்ஸ் பகுதியில் அஸ்க் என்னும் சிற்றூருக்கு அருகில் பிறந்தார். ஒன்பது குழந்தைகளுள் எட்டாமவர். தந்தையின் பொருள் ஒவ்வொன்றாகக் கரைந்தமையால் பதினான்கு வயதளவில் அவரது பள்ளிப்படிப்பு நின்றது. பின்னர் அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பயிலவில்லை. அண்ணன் வில்லியத்துடன் நிலஅளவைத் தொழில் கற்றார். சங்கிலியும் அளவுக்கோலும் தாங்கி வேல்ஸின் குன்றுகளில் அலைந்த அந்த ஆண்டுகள் வீண்போகவில்லை. எல்லைக்கோடு என்பது எங்கே விழுகிறது என்று பார்க்கும் கண் அவருக்கு அப்போதே அமைந்துவிட்டது என்று கருத இடமுண்டு.

1844இல் லெஸ்டர் நகரப் பள்ளியொன்றில் ஆசிரியரானார். அந்நகரில் ஹென்றி வால்டர் பேட்ஸ் என்னும் இளைஞரின் நட்பு வாய்த்தது. அவரும் வறியவரே, வண்டுகளைச் சேகரிப்பதில் தீராத வேட்கை உடையவர். ஒரு சிற்றூரின் சுற்றுப்புறத்திலேயே நூற்றுக்கணக்கான வண்டினங்கள் வாழ்கின்றன என்பதைப் பேட்ஸ் காட்டியபோது வாலஸ் திகைத்துப் போனார். இவ்வளவு வேறுபாடு எங்கிருந்து வந்தது என்ற வினா இருவரையும் பற்றிக்கொண்டது. செல்வர்கள் தம் பொழுதுபோக்குக்காக இயற்கையை ஆராய்ந்த காலம் அது. இவ்விருவருக்கும் அவ்வசதி இல்லை. பூச்சிகளையும் பறவைகளையும் பிடித்து இலண்டனில் விற்று, அவ்வருவாயிலேயே ஆராய்ச்சியையும் நடத்துவது என்று முடிவு செய்தனர். 1848இல் அமேசான் ஆற்றின் முகத்துவாரத்தில் வந்திறங்கினர். சில காலத்தில் ஆளுக்கொரு திசையில் பிரிந்தனர்.

கடல்மேல் எரிந்த நான்கு ஆண்டுகள்

நான்கு ஆண்டுகள் அமேசானிலும் நீக்ரோ ஆற்றின் கரைகளிலும் வாலஸ் அலைந்தார். அவருக்குத் துணையாக வந்த தம்பி ஹெர்பர்ட் 1851இல் மஞ்சள் காய்ச்சலால் இறந்தார். உடல்நலம் குன்றிய வாலஸ் 1852 சூலையில் தாயகம் நோக்கி ‘ஹெலன்’ என்னும் பாய்மரக் கப்பலில் புறப்பட்டார். ஆகஸ்டு 6ஆம் நாள் நடுக்கடலில் அக்கப்பல் தீப்பற்றியது. சில ஓவியங்கள் அடங்கிய ஒரு தகரப்பெட்டியை மட்டுமே அவரால் எடுக்க முடிந்தது. தமக்கென்று ஒதுக்கிவைத்திருந்த பூச்சிகளும் பறவைகளும், நாட்குறிப்புகளின் பெரும்பகுதியும், உயிரோடு கொண்டுவந்த விலங்குகளும் அவர் கண்முன்னே எரிந்தன. பத்து நாள் திறந்த படகில் மிதந்த பின்னரே வேறொரு கப்பல் அவர்களைக் கண்டு ஏற்றிக்கொண்டது.

இலண்டன் முகவர் முன்னெச்சரிக்கையாகச் சரக்குக்குக் காப்பீடு செய்திருந்ததால் அவர் பட்டினி கிடக்க நேரவில்லை. ஆனால், எரிந்துபோன ஒவ்வொரு பூச்சியும் ஒரு சான்று. சான்று இல்லாத கருத்தை அறிவியல் ஏற்பதில்லை. கடலில் தத்தளித்தபோது இனிக் கப்பலேறுவதில்லை என்று உறுதிகொண்டவர், கரையேறிய சில நாள்களிலேயே அடுத்த பயணத்தைப் பற்றி எண்ணத் தொடங்கிவிட்டார்.

இவ்விடத்தில் ஒரு சிறு செய்தியைக் கவனிக்க வேண்டும். அமேசான் குரங்குகளைப் பற்றி 1852இல் அவர் ஒரு கட்டுரை படித்தார். பெரிய ஆறுகள் குரங்கினங்களின் பரவலுக்கு எல்லையாக அமைகின்றன என்பது அதன் கருத்து. ஓர் உயிரினம் எந்தக் கரையில் கிடைத்தது என்பதைக்கூடச் சேகரிப்போர் சரியாகக் குறிப்பதில்லையே என்று அதில் வருந்தினார். அக்காலத்து அருங்காட்சியகங்களில் பிரேசில் என்றோ கிழக்கிந்தியா என்றோ எழுதப்பட்ட சீட்டே போதுமானதாக இருந்தது. இந்த வருத்தமே அவருடைய அடுத்த எட்டு ஆண்டு உழைப்பின் ஒழுங்குமுறையாயிற்று. அதன்பின் எடுத்த ஒவ்வொரு பூச்சியோடும் அது கிடைத்த தீவின் பெயர் சிறு சீட்டில் சேர்ந்தே இருந்தது.

மலாய்த் தீவுக்கூட்டத்தில்

1854 ஏப்ரலில் வாலஸ் சிங்கப்பூரில் இறங்கினார். 1862 வரை சுமத்ரா, ஜாவா, போர்னியோ, சுலவேசி, மலுக்குத் தீவுகள், நியூகினி எனத் தீவு தீவாகச் சென்றார். அவர் கடந்த தொலைவு ஏறத்தாழ 14,000 மைல். சேர்த்த உயிரின மாதிரிகள் 1,25,660. அவற்றுள் வண்ணத்துப்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும் மட்டும் 13,100. எண்களைப் படிப்பது எளிது. உலரவைத்த பூச்சிகளை எறும்புகள் இழுத்துச் சென்றன. பறவைத் தோல்களை நாய்கள் கவ்வின. அரு தீவுகளில் பூச்சிக்கடியால் காலில் புண் கண்டு, வெளியே வண்ணத்துப்பூச்சிகள் பறப்பதைப் பார்த்தவாறே பல வாரம் குடிலுக்குள் முடங்கிக் கிடந்தார்.

இப்பணியை அவர் தனித்துச் செய்யவில்லை. சரவாக்கில் அவரிடம் வந்து சேர்ந்த அலி என்னும் மலாய் இளைஞர் முதலில் சமையற்பணி செய்தார். பின்னர்ப் பறவைகளைச் சுடவும் தோலுரித்துப் பதப்படுத்தவும் கற்று, வாலஸுக்கு வலக்கையானார். பச்சான் தீவில் அதுவரை அறிஞர் எவரும் கண்டிராத சொர்க்கப்பறவை ஒன்றைச் சுட்டுக் கொண்டுவந்தவர் அலியே. அப்பறவைக்கு இன்று வழங்கும் அறிவியற்பெயரில் வாலஸின் பெயர் இருக்கிறது. அலியின் பெயர் இல்லை.

அதே பச்சான் தீவில்தான் வாலஸின் வாழ்வில் மறக்கவியலாத நிகழ்ச்சி ஒன்றும் நடந்தது. 1858 அக்டோபரில் அங்குச் சென்ற தொடக்க நாளிலேயே, கைக்கெட்டாத உயரத்தில் ஓர் இலைமேல் அமர்ந்திருந்த மிகப்பெரிய வண்ணத்துப்பூச்சி ஒன்றைக் கண்டார். அது பொன்னழகிக் குழுவைச் சேர்ந்த பெண் என்றும், புதிய இனம் என்றும் அறிந்துகொண்டார். பிறகு இரண்டு மாதம் அதனை மீண்டும் ஒரே ஒருமுறைதான் காண முடிந்தது. 1859 சனவரித் தொடக்கத்தில், வெண்ணிற இலைகள் சூழ மஞ்சள் மலர் பூக்கும் முசாண்டாப் புதர் ஒன்றின்மேல் அது வட்டமிடக் கண்டார். அன்றும் அது தப்பியது. மறுநாள் ஒரு பெண் பூச்சி கிடைத்தது. அதற்கடுத்த நாள் ஆண் பூச்சி வலையில் விழுந்தது. சிறகை விரித்தால் ஏழு அங்குலத்திற்கும் மேற்பட்ட அகலம்; கரிய மென்பட்டின்மேல் தழல்போன்ற செம்மஞ்சள் நிறம். வலையிலிருந்து அதை எடுத்துச் சிறகை விரித்த கணத்தில் நெஞ்சு படபடத்து, குருதி தலைக்கேறி, மயங்கி விழும் நிலைக்கு வந்துவிட்டதாகவும், அன்று முழுவதும் தலைவலி நீங்கவில்லை என்றும் அவர் பிற்காலத்தில் எழுதினார். பெருஞ்செல்வனாகப் பழங்கதைகளில் பேசப்படும் லிடியா நாட்டு மன்னன் குரோசஸின் பெயரை அதற்குச் சூட்டினார்.

உயிர்விட்ட அழகொன்றைக் கண்டு மகிழ்ந்தாரே என்று நமக்கு இன்று தோன்றலாம். அக்காலத்தில் மாதிரி இன்றிப் பெயரில்லை, பெயரின்றி ஆய்வில்லை. வாலஸ் அவற்றை விற்றே உண்டார் என்பதையும் மறைப்பதற்கில்லை.

எல்லைக்கோடு

பாலித் தீவுக்கும் லொம்பாக் தீவுக்கும் இடையே உள்ள நீரிணையின் அகலம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர்தான். 1856இல் அதைக் கடந்த வாலஸ், மேற்கே ஆசியப் பறவைகளையும் கிழக்கே ஆஸ்திரேலியாவுக்குரிய கொண்டைக்கிளி முதலியவற்றையும் கண்டார். போர்னியோவுக்கும் சுலவேசிக்கும் இடையிலும் இதே பிரிவு தொடர்ந்தது. ஆழமான கடற்பகுதி பண்டைக்காலத்திலிருந்தே இரு நிலப்பரப்புகளையும் பிரித்து வைத்திருந்ததே இதற்குக் காரணம். 1868இல் ஹக்ஸ்லி என்னும் அறிஞர் இதற்கு ‘வாலஸ் கோடு’ எனப் பெயரிட்டார். பறவைகளிலும் பாலூட்டிகளிலும் கூர்மையாகத் தெரியும் இக்கோடு, பூச்சிகளில் அவ்வளவு தெளிவாக இல்லை என்பதை வாலஸே ஒப்புக்கொண்டார். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் பறக்கும் பொன்னழகியின் பேரினம் இக்கோட்டைக் கடந்து நியூகினி வரை பரவியிருக்கிறது. குரோசஸ் அடங்கிய பேரினமோ மலுக்குத் தீவுகளிலும் அவற்றுக்குக் கிழக்கேயும் மட்டுமே வாழ்கிறது. போர்னியோவில் வாலஸ் கண்டு, சரவாக்கின் ஆட்சியாளர் புரூக்கின் பெயரால் வழங்கிய மற்றொரு பொன்னழகியின் பேரினம் கோட்டின் மேற்கிலேயே தங்கிவிட்டது. நெருங்கிய உறவுடைய மூன்று பேரினங்களுக்கு மூன்று வேறு பரவல்கள்.

1858இல் காய்ச்சலில் கிடந்தபோது இயற்கைத் தேர்வு பற்றிய எண்ணம் அவருக்கு உதித்ததும், அதை டார்வினுக்கு எழுதியனுப்பியதும், இருவர் கட்டுரைகளும் அவ்வாண்டு சூலை 1ஆம் நாள் இலண்டன் லின்னேயன் கழகத்தில் படிக்கப்பட்டதும் பலரும் அறிந்த வரலாறு.

சிறகுகள் சொன்ன விடை

தாயகம் திரும்பிய வாலஸ், 1864 மார்ச்சு 17ஆம் நாள் அதே கழகத்தில், மலாய்ப் பகுதியின் அழகிக் குடும்ப வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றிய கட்டுரையைப் படித்தார். பெரியவை, கண்ணில் எளிதில் படுபவை, பிறரால் முன்பே நன்கு சேகரிக்கப்பட்டவை என்பதால் இக்குடும்பத்தைத் தேர்ந்தெடுத்தார். அதில் வேறுபாடுகள் அனைத்தையும் ஒரே தட்டில் வைக்காமல் தரம் பிரித்தார். ஓர் இனத்துக்குள் எங்கும் காணும் சிறு வேறுபாடு ஒன்று. ஒரே இடத்தில் ஒரே இனம் இடைநிலையின்றிப் பல உருவங்களில் தோன்றும் பல்லுருத்தன்மை மற்றொன்று. தீவுக்குத் தீவு மாறும் உள்ளூர் வடிவம், நிலைபெற்றுவிட்ட உள்ளினம், முழுமையான இனம் என அவர் மேலும் பிரித்துச் சென்றார். ஓர் இனம் மற்றோர் இனமாகும் பாதையின் பல நிலைகளை அவர் இவ்வாறு வரிசைப்படுத்தினார் எனலாம்.

மெம்னான் என்னும் பெரிய அழகியை அவர் சான்றாகக் காட்டினார். அதன் பெண்களுள் சிலவற்றுக்குச் சிறகின் முடிவில் வால் இல்லை; சிலவற்றுக்கு உண்டு. வாலுள்ளவை கூன் எனப்படும் வேறோர் இனத்தைப் போலவே தோன்றும். ஜாவாவில் ஒரே தொகுதிப் புழுக்களை வளர்த்தபோது இரு வடிவங்களும் வெளிவந்தன. ஆகவே, இவை இரண்டும் ஓர் இனமே. கறிவேப்பிலை அழகியின் புதிரும் இதே வழியில் அவிழ்ந்தது. சிவப்புடல் அழகி, ரோசா அழகி ஆகியவற்றின் புழுக்கள் ஈசுவரமூலி, ஆடுதீண்டாப்பாளை போன்ற நச்சுத்தன்மையுள்ள செடிகளைத் தின்று வளர்கின்றன. ஆடும் தீண்டாத செடியைத் தின்ற பூச்சியைப் பறவையும் தீண்டுவதில்லை. அவற்றின் உருவை ஏற்ற பெண்ணும் பறவைக்குத் தப்புகிறது. அமேசானில் பதினோராண்டு இருந்த நண்பர் பேட்ஸ், அங்குள்ள வண்ணத்துப்பூச்சிகளைக் கொண்டு 1862இல் வெளியிட்ட போலித்தோற்றக் கொள்கையை வாலஸ் இவ்வாறு ஆசியாவுக்கு விரித்தார். பெண் மட்டும் ஏன் வேடம் பூணுகிறது? முட்டைகளைச் சுமந்து மெல்லப் பறந்து, செடிதேடி அமர வேண்டியது பெண்ணே. எனவே, காப்பு அதற்கே மிகுதியும் தேவை என்று அவர் விளக்கினார். கறிவேப்பிலை அழகியின் இவ்வடிவங்களை ஒரே மரபணுவே ஆள்கிறது என்பது 2014இல் கண்டறியப்பட்டது.

சுலவேசித் தீவின் அழகிகளில் மற்றொரு புதுமையையும் அவர் கண்டார். அண்டைத் தீவுகளில் வாழும் உறவினங்களைவிட அங்குள்ளவற்றின் முன்சிறகுகள் நீண்டு, அரிவாள்போல் வளைந்திருந்தன. ஓர் இனத்தில் அன்று, பல இனங்களில். விரைந்து பறந்து தப்ப வேண்டிய பகை ஏதோ அத்தீவில் முற்காலத்தில் இருந்திருக்க வேண்டும் என ஊகித்தார். தீவின் பெயர் எழுதிய சீட்டு இல்லையேல் இவ்வுண்மை வெளிப்பட்டே இராது.

பிற்காலம்

1869இல் மலாய்த் தீவுக்கூட்டம் பற்றிய பயண நூலும், 1876இல் விலங்குகளின் புவிப்பரவல் பற்றிய பெருநூலும் வெளிவந்தன. ஈட்டிய பணத்தைத் தவறான முதலீடுகளில் இழந்து பல ஆண்டு வருந்தினார். 1881இல் டார்வின் முயன்று பெற்றுத்தந்த அரசு உதவித்தொகை அவரைத் தாங்கியது. நிலம் அனைவர்க்கும் பொதுவாக வேண்டும் என்று போராடினார். எனினும், அம்மைத் தடுப்பூசியை எதிர்த்ததும், ஆவியுலக நம்பிக்கையில் ஆழ்ந்ததும் சான்றையே உயிராகப் போற்றிய அவருக்குப் பொருந்தாதவை. அவரைப் போற்றுவோர் இவற்றைச் சொல்லத் தயங்குவதுண்டு. 1913 நவம்பர் 7ஆம் நாள், தொண்ணூறாம் வயதில் மறைந்தார்.

1862இல் சிங்கப்பூரில் பிரிந்தபோது, அலிக்குத் தம் துப்பாக்கிகளையும் கருவிகளையும் கொடுத்து, அவரை ஒரு புகைப்படமும் எடுக்கச் செய்தார் வாலஸ். 1907இல் தெர்னாத்தே தீவுக்குச் சென்ற அமெரிக்க உயிரியல் அறிஞர் தாமஸ் பார்பரை முதியவர் ஒருவர் வழியில் நிறுத்தினார். தம் பெயர் அலி வாலஸ் என்று அவர் சொன்னார்.