பத்துத் தலை மன்னனை மனிதனாக்கிய பேராசிரியர்

வானில் பறப்பவரும் மலையைப் பெயர்ப்பவருமான வீரர்களின் கதைகளை எமது பிள்ளைகள் இன்று தொலைக்காட்சியிலும் கைத்தொலைபேசியிலும் கண்டு களிக்கின்றனர். அமெரிக்கச் சித்திரக்கதை ஏட்டில் சூப்பர்மேன் தோன்றியது 1938ஆம் ஆண்டிலாகும். ஆனால் மட்டக்களப்பு வாவிக் கரையோரக் கிராமங்களில், அதற்கு நெடுங்காலம் முன்னரே, அமானுட ஆற்றல் படைத்த வீரர்கள் வட்டக்களரியில் விடிய விடிய ஆடிக்கொண்டிருந்தனர். கவச குண்டலத்தோடு பிறந்த கர்ணனும் வரங்கள் பல பெற்ற இராவணனும் வடமோடிக் கூத்தின் வாயிலாக எழுத்தறியாத உழவருக்கும் மீனவருக்கும் நெருங்கிய உறவினர் போலாகியிருந்தனர். அவ்வீரர்களைக் கற்றோர் அவைக்கு அழைத்து வந்த பெருமை பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்களுக்கு உரியது.

யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் 1924ஆம் ஆண்டு பிறந்த வித்தியானந்தன், இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்றவர். அங்கு அவருக்கு ஆசானாக வாய்த்தவர்களுள் ஒருவர், மட்டக்களப்புத் தென்பகுதியின் காரைதீவு ஈன்றெடுத்த சுவாமி விபுலாநந்தர். பின்னர் இலண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், பேராதனையில் விரிவுரையாளராகப் பணியாற்றினார். 1954இல் வெளியான 'தமிழர் சால்பு' என்ற நூல் அவருடைய புலமைக்குச் சான்றாகும்.

அந்நாளில் கற்றவர் மத்தியில் கூத்துக்கு மதிப்பு இருக்கவில்லை. அது பாமரர் பொழுதுபோக்கு எனவே எண்ணப்பட்டது. இந்நிலையில் 1956ஆம் ஆண்டு பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர, சிங்கள நாடகமரபைத் தழுவி 'மனமே' நாடகத்தை மேடையேற்றிப் பெரும் வெற்றி கண்டார். தமிழருக்கும் அத்தகைய மரபொன்று உண்டு என்பதை உணர்ந்த வித்தியானந்தன், இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுத் தலைவர் என்ற பொறுப்பைப் பயன்படுத்திக் கிராமங்களை நாடிச் சென்றார். அண்ணாவிமாரைச் சந்தித்தார், போட்டிகளை நடத்தினார், ஏட்டிலும் நாவிலும் கிடந்த கூத்துகளை அச்சேற்றினார். மட்டக்களப்பின் 'அலங்காரரூபன்' நாடகம் 1962இல் நூலுருப் பெற்றது.

அதே ஆண்டில் பேராதனை மாணவர்கள் 'கர்ணன் போர்' கூத்தை ஆடினர். அடுத்த ஆண்டில் 'நொண்டி நாடகம்' வந்தது. விடியும் வரை நீளும் ஆட்டம் ஒரு சில மணி நேரத்துக்குள் அடங்கியது. நாற்புறமும் மக்கள் சூழ்ந்த வட்டக்களரிக்குப் பதிலாகப் படச்சட்ட மேடை அமைந்தது. மத்தளமும் தாளமும் ஆட்டமும் மட்டக்களப்புக்கே உரியனவாக நிலைத்தன.

1960களின் நடுப்பகுதியில் வந்த 'இராவணேசன்' இம்முயற்சியின் சிகரம் எனலாம். நாடகத்தை எழுதியவர் மட்டக்களப்பைச் சேர்ந்த மாணவர் சி. மௌனகுரு. இராவணனாக ஆடியவரும் அவரே. தேவரையும் வென்ற மன்னனின் வலிமையைக் காட்டி வியக்கவைப்பது எளிது. ஆனால் இந்நாடகம் அந்த வலிமையால் தடுக்கமுடியாத துயரத்தைக் காட்டியது. உற்றாரை இழந்தும் செருக்கை விடமுடியாது களம் புகும் ஒருவனே அங்கு நின்றான். பத்துத் தலைகள் இருந்தும் தன் பிழையைக் காணாத மனிதன் அவன். அமானுட ஆற்றல் கொண்ட பாத்திரங்களைப் படைக்க விரும்பும் எமது இளம் எழுத்தாளருக்கு இதைவிடச் சிறந்த பாடம் இல்லை என்பது எமது கருத்தாகும்.

குறை கூறியவர்களும் இல்லாமலில்லை. சுருக்கப்பட்ட கூத்து நகரத்து அரங்குக்கு உரியதாகிவிட்டது, ஊர் கூடி ஆடும் சடங்கின் தன்மை குன்றிவிட்டது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆயினும் அவர் கைவைக்காது விட்டிருந்தால் அண்ணாவிமாரின் பெயரைப் பல்கலைக்கழகங்கள் அறிந்திருக்குமா என்பதையும் நாம் சிந்திக்க வேண்டும்.

1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் பொறுப்பையும் அவரே சுமந்தார். அதன் இறுதி நாளில் மக்கள் உயிரிழந்த துயரத்தையும் கண்டார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1979இல் தனிப் பல்கலைக்கழகமானபோது அதன் முதல் துணைவேந்தரானார். யுத்தம் மூண்ட ஆண்டுகளில் அக்கல்விக்கூடத்தைக் காத்து நின்று, 1989இல் மறைந்தார்.

இன்று இராவணனைத் தத்தம் இனத்தின் பெருமைக்கு உரியவனாக உரிமை கோருவோர் தமிழரிடையேயும் சிங்களவரிடையேயும் உளர். வீரனின் பெயரால் அயலவனைப் பகைக்கும்போது கதை ஆயுதமாகிவிடுகிறது. அதன் விலையை வாவியின் இரு கரைகளிலும் அயலயலாக வாழும் தமிழரும் முஸ்லிம்களும் நன்கறிவர். முஸ்லிம் புலவர்களும் படைப்போர் என்னும் இலக்கிய வகையைத் தமிழுக்குத் தந்து, வீரர்களின் அரும்பெரும் ஆற்றலைப் பாடியிருக்கின்றனர். இவ்விரு செல்வங்களையும் ஒரே வகுப்பறையில் பயிலும் வாய்ப்பு எமது பிள்ளைகளுக்குக் கிட்டுமானால், அயலவனின் வீரனும் தம்மைப் போல் அழுதவன் என்பதை அவர்கள் உணர்வர். வடக்கில் பிறந்து கிழக்கின் கலையைத் தலைமேல் தாங்கிய வித்தியானந்தனுக்கு அதுவே தகுந்த நினைவஞ்சலியாக அமையும்.