உரிமை கோராத அளவுகோல்

இரண்டு வயதுப் பெண் குழந்தையின் மார்பில் சுண்டைக்காயளவு தடிப்பு. நாகர்கோவிலில் என் உறவினர் வீட்டார் அதை வெளியே சொல்லவே அஞ்சினார்கள். பூப்புச் சடங்கை ஊர்கூட்டி நடத்தும் நாஞ்சில் நாட்டில் இது சிறு கலக்கமன்று. இந்த வயதில் இத்தகைய தடிப்பு பெரும்பாலும் தானே வடிந்துவிடும். எல்லாக் குழந்தைக்கும் இரத்தம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால், உயரமும் சற்று வேகமாகக் கூடியிருந்ததால் மருத்துவர் இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணித்தார், எல்.எச்., எப்.எஸ்.எச்., எஸ்ட்ரடயால் பரிசோதனைகளையும் எழுதினார். பருவத்துக்கான உத்தரவைப் பிட்யூட்டரி சுரப்பி இன்னும் அனுப்பத் தொடங்கவில்லை என்று தெரிந்தது. மருந்து வேண்டாம், கண்காணித்தால் போதும் என்றார்.

எஸ்ட்ரடயாலைப் பிகோகிராமில் அளக்கிறார்கள். ஒரு கிராமை இலட்சம் கோடியாகப் பகுத்தால் வரும் ஒரு பங்கு அது. இரத்தத்தில் இவ்வளவு நுண்ணிய அளவில் உள்ளதையும் அளக்க வழி திறந்தவர் ரோசலின் யாலோ.

1921இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தார். பெற்றோர் உயர்நிலைப் பள்ளிக்கே செல்லாதவர்கள். ஹண்டர் கல்லூரியில் இயற்பியலில் சிறந்து தேறியும், யூதப் பெண் என்பதால் மேற்படிப்புக்கு இடம் கிடைப்பது அரிதாக இருந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செயலாளர் வேலை பார்த்தாவது உள்ளே நுழையலாம் என்று சுருக்கெழுத்து கற்கப் போனார். போர் ஆண்களைப் படைக்கு அழைத்தது; 1941இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. பொறியியல் பிரிவின் 400 பேரில் அவர் ஒருவரே பெண்.

1947இல் பிராங்க்ஸ் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் சேர்ந்தார். துப்புரவுச் சாமான்கள் வைக்கும் அறையே அவரது முதல் ஆய்வகம். 1950இல் சாலமன் பெர்சன் என்ற மருத்துவர் உடன் சேர்ந்தார். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வோர் உடலில் அதற்கு எதிர்ப்பொருள் உருவாவதை இருவரும் கண்டார்கள். அன்றைய அறிஞர்கள் நம்பவில்லை; சயன்ஸ் இதழ் கட்டுரையைத் திருப்பியனுப்பியது. அவர்களோ அந்த எதிர்ப்பொருளையே தராசாக்கினார்கள். கதிரியக்கம் ஏற்றிய ஹார்மோனும் இரத்தத்திலுள்ள ஹார்மோனும் எதிர்ப்பொருளில் இடம் பிடிக்கப் போட்டியிடும். முன்னது எவ்வளவு வெளியே தள்ளப்படுகிறது என்று பார்த்தால் பின்னதன் அளவு தெரியும். இன்று கதிரியக்கத்துக்குப் பதிலாக ஒளியை அளக்கும் கருவிகள் வந்துவிட்டன. எதிர்ப்பொருளைக் கொண்டு அளக்கும் அடிப்படை மாறவில்லை.

பருவம் உண்மையிலேயே முந்தி வந்தால் எலும்புகள் விரைவில் முதிர்ந்து வளர்ச்சி நின்றுவிடும், குழந்தை குள்ளமாகிவிடும். அதைத் தள்ளிப்போட இன்று மருந்து உண்டு. யாருக்கு அது வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று பிரிப்பதில் இந்த எண்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

பொருளியல் ஆசிரியனான என்னை ஈர்ப்பது இன்னொன்று. இந்த முறைக்கு இருவரும் காப்புரிமை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் பெருஞ்செல்வம் குவிந்திருக்கும். காப்புரிமை இல்லையேல் கண்டுபிடிப்பில்லை என்ற பாடநூல் கணக்குக்கு யாலோவின் வாழ்க்கை அடங்காது. அவருக்குச் சம்பளம் தந்தது அரசு மருத்துவமனை என்பதையும் நான் மறக்கவில்லை. பொதுப்பணத்தில் விளைந்தது பொதுவுக்கே போயிற்று.

பெர்சன் 1972இல் இறந்தார். இறந்தவருக்கு நோபல் பரிசு இல்லை என்பதால் 1977இல் யாலோ மட்டும் மேடையேறினார். அதற்குள் தம் ஆய்வகத்துக்குப் பெர்சனின் பெயரைச் சூட்டியிருந்தார், தம் கட்டுரைகளில் அவர் பெயரும் தொடர்ந்து வரவேண்டும் என்று. 2011இல் மறைந்தார்.