வாக்குப் பெற்ற வரலாறு: ஸ்ரீ குமரகுருபர சுவாமிகள்

மக்கட் பிறப்பிற்கு வாய்த்த கருவிகளுள் வாக்கினும் சிறந்தது பிறிதொன்றில்லை. அது வெளிப்படுதற்கு முன்னரே உள்ளத்தில் நிகழ்வது என்பது நம் ஆசிரியர்கள் கண்ட உண்மை. சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என வாக்கு நால்வகைப்படும் எனச் சிவஞான சித்தியார் சுபக்கம் முதற் சூத்திரத்தில் விளங்க உரைக்கின்றது. மயில் முட்டையின் நீரில் பலவகை நிறங்களும் வேறு பிரியாது அடங்கியிருத்தல் போலச் சொற்கள் அடங்கி நிற்கும் நிலை பைசந்தி. எழுத்துக்கள் முறைப்பட்டு உள்ளத்தே தோன்றியும் பிறர் செவிக்குப் புலனாகாத நிலை மத்திமை. காற்றின் இயக்கத்தால் நாவிலும் இதழிலும் உருப்பெற்றுச் செவிக்குக் கேட்கும் நிலையே வைகரி. ஆகவே வைகரி தோன்றாத குழவியை அறிவில்லாத குழவி என்று துணிதல் சாத்திரத்திற்கும் ஒவ்வாது, அனுபவத்திற்கும் ஒவ்வாது. இவ்வுண்மைக்குத் தக்க சான்றாவது ஸ்ரீ குமரகுருபர சுவாமிகள் வரலாறு.

பதினேழாம் நூற்றாண்டிலே, பாண்டிநாட்டில் பொருநையாற்றின் கரையிலுள்ள ஸ்ரீவைகுண்டத்தில், சைவ வேளாளர் குலத்தில் சண்முகசிகாமணிக் கவிராயருக்கும் சிவகாமசுந்தரி அம்மையாருக்கும் புதல்வராகத் தோன்றினார் நம் சுவாமிகள். தந்தையார் தமிழ்ப் புலமை மிக்கவர். கவி பாடும் குடியில், நாளும் செய்யுளோசை முழங்கும் இல்லத்தில் பிறந்த அக்குழந்தை, ஆண்டு ஐந்து நிரம்பும் அளவும் வாய் திறந்து ஒரு சொல்லும் கூறவில்லை.

குழந்தை பேசாதிருத்தல் பெற்றோர்க்கு எத்தகைய துன்பம் என்பதை விரித்தல் வேண்டா. அண்டை வீட்டுக் குழந்தை மழலை பேசுங்கால் இவ்வீட்டுத் தாயின் நெஞ்சு நோவும். உற்றார் கூறும் தேறுதலும் ஊரார் கூறும் இகழ்ச்சியும் ஒரு தன்மையவாகவே சுடும். ஊமை என்னும் பெயரை ஊர் எளிதில் சூட்டிவிடும். அதனைக் களைதல் எளிதன்று. கவிராயரும் அம்மையாரும் இத்துன்பத்திற்கு ஆளாயினர். ஆயினும் அவர்கள் குழந்தையை ஒதுக்கவில்லை. தானே சரியாகும் என்று வாளா இருக்கவுமில்லை. குழந்தையை எடுத்துக்கொண்டு திருச்செந்தூர்க்குச் சென்றனர். செந்திலாண்டவன் சந்நிதியில் ஒரு மண்டலம் விரதம் பூண்டு பாடு கிடந்தனர். எண்ணிய நாள் கழிந்தும் பயன் காணாமையால், குழந்தையொடு கடலில் வீழ்ந்து உயிர்விடவும் துணிந்தனர் என வரலாறு கூறும்.

அந்நிலையில் முருகப்பெருமான் அருள் செய்தான். கையில் ஒரு மலருடன் குழந்தையின் முன்னர்த் தோன்றி, இஃது யாது என வினவினான் என்றும், குழந்தை அம்மலரின் பெயரையே முதற் சொல்லாகக் கொண்டு பாடத் தொடங்கிற்று என்றும் வழங்குவர். பொருளைக் காட்டிப் பெயரைக் கேட்டலே தாய்மார் குழந்தைக்குச் சொல் பயிற்றும் முறை. இறைவனும் அம்முறையையே மேற்கொண்டான் எனக் கொள்ளுதல் மிகவும் இனிது. அன்று பிறந்த நூலே 122 கண்ணிகளையுடைய கந்தர் கலிவெண்பா. சித்தாந்தப் பெரும் பொருள்களும், ஆறத்துவாக்களும் இறைவனுக்குத் திருமேனியாதலும், முருகன் திருவவதாரமும் அதனுட் கூறப்பெறுகின்றன. ஆறத்துவாக்களுள் மந்திரம், பதம், வன்னம் என்னும் மூன்றும் சொல்லுலகைச் சார்ந்தவை. ஐந்தாண்டு சொல்லின்றி இருந்த நாவினின்று சொல்லுலகு முழுதும் இறைவன் திருமேனியே என்னும் உண்மை வெளிப்பட்டது. நூலின் இறுதியில் அவர் வேண்டிக்கொண்டதும் பொன்னன்று, நிலமன்று. ஆசு முதலிய நால்வகைக் கவி பாடும் ஆற்றலேயாம்.

பின்னர்ச் சுவாமிகள் இலக்கண இலக்கியங்களையும் சாத்திரங்களையும் கற்று முதிர்ந்தார். தம் ஊர்ப் பெருமான்மீது கயிலைக் கலம்பகம் பாடினார். பின் மதுரையை அடைந்தார். அக்காலத்து அங்கே அரசு புரிந்தவர் திருமலை நாயக்கர் (1623–1659). அவர் முன்னிலையில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் அரங்கேறியது. அம்மையே சிறு பெண்ணின் உருவில் வந்து மன்னர் மடியிலிருந்து கேட்டு, முத்துமாலையொன்றைச் சுவாமிகளுக்கு அணிந்து மறைந்தாள் என்பது கர்ணபரம்பரை வரலாறு. ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு. பிள்ளைத்தமிழ் என்பது குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பாடுவது. செங்கீரைப் பருவம் ஐந்தாம் மாதத்திற்குரியது என இலக்கண நூலார் கூறுவர். கீர் என்பது சொல் எனக் கொண்டு, மழலை தொடங்கும் பருவமே அது என்பாரும் உளர். தம் மழலைப் பருவத்தில் மழலை பேசாத ஒருவர், உலகன்னையைக் குழந்தையாக்கி அவள் மழலையைப் பாடினார். தாம் பெறாததை எண்ணி அவர் மனங் கசந்திலர் என்பதற்கு அந்நூலின் இனிமையே கரி. நீதிநெறி விளக்கம், மதுரைக் கலம்பகம், மீனாட்சியம்மை குறம் முதலியனவும் அம்மதுரைத் தொடர்பால் எழுந்தவை.

சுவாமிகள் உள்ளம் ஞானாசிரியரை நாடியது. எவர் முன்னிலையில் உன் வாக்குத் தடைப்படுகின்றதோ அவரே உனக்குக் குரு எனச் செந்திலாண்டவன் முன்னமே குறிப்பித்திருந்தான் என்ப. திருவாரூரை வணங்கி நான்மணிமாலை பாடிய பின்னர், தருமபுர ஆதீனத்தை அடைந்தார். அங்கே நான்காவது குருமூர்த்தியாக எழுந்தருளியிருந்தவர் ஸ்ரீ மாசிலாமணி தேசிகர். தேசிகர் வினவிய வினாக்களுக்கெல்லாம் சுவாமிகள் தடையின்றி விடை கூறினார். பின்னர்த் தேசிகர் பெரியபுராணத்திலிருந்து ஒரு செய்யுளைச் சுட்டி, அதன் அனுபவப் பொருள் யாது என்றார். ஆளுடைய நம்பிகள் தில்லையில் ஆனந்தக் கூத்தனைக் கண்டபொழுது ஐம்புல அறிவும் கண்ணொன்றிலே அடங்க, மற்றைக் கரணங்களும் தம் தொழில் ஒடுங்கி நிற்க, எல்லையற்ற இன்பத்தில் திளைத்த நிலையைச் சேக்கிழார் பாடிய இடம் அது. சொற்பொருள் கூறுதல் சுவாமிகளுக்கு அரிதன்று. அனுபவப் பொருள் கூற நா எழவில்லை. செந்திலில் திறந்த வாக்குத் தருமையில் அடங்கிற்று.

இவ்விருவகை மௌனமும் ஒன்றல்ல. முன்னையது வைகரி தோன்றாமையால் வந்தது. பின்னையது வைகரி தன் எல்லையைக் கண்டமையால் வந்தது. முன்னையதை நீக்கினான் முருகன். பின்னையதை அருளினார் குருநாதர். சொல் பெறாதான் சொல்லின் எல்லையைக் காணுதல் இயலாது. ஆதலின் வாக்குப் பெறுதல் ஒவ்வொரு குழந்தைக்கும் உரிய பேறு. அதனைத் தடையின்றிப் பெறுவித்தல் பெற்றோர் கடன் என்பது இதனாற் பெறப்படும்.

தம்மை ஆட்கொள்ளுமாறு சுவாமிகள் வேண்ட, தேசிகர் காசி யாத்திரை சென்று வருமாறு பணித்தார். அக்கால வழியின் நீளத்தையும் குருவைப் பிரிந்திருத்தலையும் எண்ணிச் சுவாமிகள் வருந்த, சிதம்பர வாசம் சில காலம் செய்க எனக் கட்டளையாயிற்று. செல்லும் வழியில் புள்ளிருக்குவேளூரில் முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழ் பாடினார். தில்லையில் தங்கியிருந்த நாளில் சிதம்பர மும்மணிக்கோவையும் சிதம்பரச் செய்யுட்கோவையும் இயற்றினார். பின்னது யாப்பருங்கலக் காரிகை கற்பார்க்குப் பலவகைப் பாக்களுக்கும் எடுத்துக்காட்டாக அமைந்தது. கற்கத் தொடங்குவார்க்கு அவர் காட்டிய பரிவு அது. பின் தருமை மீண்டு காஷாயமும் உபதேசமும் பெற்றார். தம் குருநாதர்மீது பண்டார மும்மணிக்கோவை பாடினார்.

பின்னர்க் காசி சென்றபோது வாக்கு மூன்றாம் முறையாக அவர்க்கு ஒரு சோதனையாயிற்று. அந்நாட்டை ஆண்ட முகலாயரொடு உரையாடுதற்கு அவர்தம் மொழி வேண்டியிருந்தது. பெரும் புலவர் ஒருவர் வேற்று மொழி வழங்கும் நாட்டில் மீண்டும் சொல்லற்றவராய் நின்றார். அதற்கு அவர் நாணவில்லை. கலைமகளை வேண்டிப் பத்துச் செய்யுளால் சகலகலாவல்லி மாலை பாடினார். அம்மொழியில் வன்மை பெற்றார். சிங்கத்தின்மீது ஏறி அரசவை சென்றார் எனவும் கூறுவர். கேதார கட்டத்தில் குமாரசுவாமி மடத்தை நிறுவினார்; கேதாரநாதர் திருக்கோயில் வழிபாட்டைச் சிறப்புறச் செய்தார். காசிக் கலம்பகமும் அங்கெழுந்தது. 1688ஆம் ஆண்டு வைகாசித் தேய்பிறைத் திருதியையில் காசியிலேயே சிவபரிபூரணம் எய்தினார் என்பர். அவர் வழியினர் 1720ஆம் ஆண்டில் திருப்பனந்தாளில் காசி மடத்தை நிலைபெறுவித்தனர். டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் சுவாமிகளின் பிரபந்தங்களைத் திரட்டி 1939இல் பதிப்பித்தார்கள்.

இனி, இவ்வரலாற்றைப் படிப்பார் ஒரு தவறான முடிபு கொள்ளாதிருத்தல் வேண்டும். நெல்லிக்குப்பம், கடலூர், சிதம்பரம் முதலிய ஊர்களிலும் பிறவிடங்களிலும், இரண்டு மூன்று வயதாகியும் பேசாத குழந்தையின் தாய் கவலையுறுங்கால், குமரகுருபரரும் ஐந்து வயதிலேதான் பேசினார், பொறுத்திரு என்று பெரியோர் சிலர் தேற்றுவதுண்டு. நல்லெண்ணத்தால் எழும் இத்தேறுதல் குழந்தைக்குக் கேடாய் முடிதல் கூடும். சுவாமிகளின் பெற்றோர் பொறுத்திருந்தார் அல்லர். தமக்குத் தெரிந்த வழியில் தம்மாலியன்ற முயற்சி முழுதும் செய்தார். அவர் காலத்தில் இல்லாத வழிகள் பல இன்று உள. அவற்றைக் கைவிட்டு அவர் பெயரைச் சொல்லுதல் அவர் வழி நிற்றலாகாது.

ஓராண்டு நிரம்பும் அளவில் குழந்தை தன் பெயர் கேட்டுத் திரும்பும், மழலை மிழற்றும், விரலாற் சுட்டத் தொடங்கும். ஒன்றரை ஆண்டளவில் தனிச் சொற்கள் சில கூறும். இரண்டாண்டளவில் இரு சொற்களை இணைத்துப் பேசும். குழந்தைக்குக் குழந்தை சிறிது முன்பின் ஆதல் இயல்பே. ஆயினும் இவை தோன்றாவிடினும், தோன்றிய சொல் மறைந்துவிடினும், முதற்கண் சோதிக்கத்தக்கது செவி. உலகில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் ஒன்று முதல் மூன்று வரை செவிக்குறையுடன் பிறக்கின்றன என அறிஞர் கணக்கிடுவர். கேளாத சொல்லைக் குழந்தை சொல்லுதல் எங்ஙனம்? பிறந்த முதல் மாதத்திற்குள் செவியைச் சோதித்து, மூன்றாம் மாதத்திற்குள் குறையைத் துணிந்து, ஆறாம் மாதத்திற்குள் பரிகாரம் தொடங்குதல் நன்று என்பது இக்கால மருத்துவர் கொள்கை. மூளை இளமையில் மொழியைப் பற்றும் விரைவு பின்னர்க் குறைதலே இதற்குக் காரணம். செவி நன்றாயினும், ஆட்டிசம் போன்ற வளர்ச்சி வேறுபாடுகளாலும் பேச்சுத் தாமதிக்கலாம். அவற்றிற்கும் இளமையிலேயே தொடங்கும் பயிற்சியே பெருந்துணை. வீட்டில் இரண்டு மொழி வழங்குதல் ஊமைத்தன்மைக்குக் காரணமன்று.

2013இல் தொடங்கப்பெற்ற ராஷ்ட்ரிய பால சுவாஸ்திய காரியக்ரம் என்னும் அரசுத் திட்டத்தில் அங்கன்வாடிக் குழந்தைகளை மருத்துவக் குழுவினர் வந்து பார்க்கின்றனர். குறை காணின் மேற்சிகிச்சைக்கு அனுப்புகின்றனர். வீட்டிலே தாய் தந்தையர் செய்யத்தக்கது, குழந்தையின் முகம் நோக்கிப் பேசுதல், பொருள் காட்டிப் பெயர் கூறுதல், தாலாட்டும் தோத்திரமும் கேட்பித்தல், அது குறிப்பாற் காட்டுவதைச் சொல்லாக்கித் தருதல் என்பனவாம். செந்திலில் மலர் காட்டி வினவிய அருட்செயலை வீட்டில் நாளும் நிகழ்த்துதல் என்றே இதனைக் கருதலாம். மடங்களிலும் திருக்கோயில்களிலும் வேண்டுதலோடு வரும் பெற்றோரைக் காணும் அடியார்கள், திருநீறு அளித்து வாழ்த்துவதோடு, செவியைச் சோதித்தீர்களா என்று ஒரு சொல்லும் கேட்பார்களாயின், அவ்வொரு சொல் ஒரு குழந்தையின் வாழ்நாளைக் காக்கும்.

வேண்டுதலும் மருந்தும் ஒன்றற்கொன்று பகையல்ல. புள்ளிருக்குவேளூர்ப் பெருமானை வைத்தியநாதன் என்று வழிபடுவோர் நாம்; மருந்தும் அவனருளே என்று தெளிதல் நமக்கு அரிதன்று. சொல்லாத குழந்தையின் உள்ளே மத்திமையாய்ச் சொல் காத்திருத்தல் கூடும். அதற்கு வாயில் திறத்தல் நம் கடன். வாயில் திறந்தும் சிலர் நாவால் பேசாமல் கைக்குறிப்பாலும் எழுத்தாலும் தம் கருத்தை உணர்த்துவர். அதுவும் வாக்கே, அவர்களைக் குறைவாக எண்ணுதல் ஆகாது. ஐந்தாண்டு சொல்லற்றிருந்த மகவை ஒரு பொழுதும் கைவிடாத சண்முகசிகாமணிக் கவிராயரும் சிவகாமசுந்தரி அம்மையாரும் சுவாமிகளோடு ஒக்க நினைந்து வணங்கத்தக்கவர். அவர்தம் அன்பும் முயற்சியும் இன்றைப் பெற்றோர்க்கும் உளவாகுமாறு செந்திலாண்டவன் திருவருள் முன்னிற்க.