ஜெயிக்கும்போதே விட்ட ஸ்டட்

மிஷனெரி சி.டி. ஸ்டட் அவர்களைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் நம் சபைகளில் குறைவு. இங்கிலாந்தின் பெரிய கிரிக்கெட் வீரராயிருந்து, அதை விட்டுவிட்டு 1885-ல் சீனாவுக்குப் போனவர். ஆனால் அந்த வீட்டில் முதலாவது ஒன்றை விட்டவர் அவர் அல்ல, அவருடைய தகப்பனார் எட்வர்ட் ஸ்டட்.

இவர் வட பீகாரில் திர்ஹூட் பகுதியில் அவுரித் தோட்டம் வைத்து ஏராளமாய்ச் சம்பாதித்தவர். இங்கிலாந்துக்குத் திரும்பி, டெட்வொர்த் என்ற இடத்தில் ஒரு மாளிகையில் குடியேறினார். கையில் பணம் இருக்கு, நேரமும் இருக்கு. வேட்டை, விளையாட்டு, எல்லாவற்றுக்கும் மேலே குதிரைப் பந்தயம்! 1866-ல் அங்கே மிகப் பேர்போன கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் இவருடைய குதிரை சாலமாண்டர் ஜெயித்தது. யாரும் எதிர்பார்க்காத குதிரை. ஒரு பவுன் கட்டினவனுக்கு நாற்பது பவுன் லாபம். இப்படி ஒரு ஜெயம் ருசி கண்டவன் லேசில் விடுவானா? தோற்றவனாவது ஒருநாள் கடன்காரனுக்குப் பயந்து நிற்பான். ஜெயித்தவனுக்கு நிற்கக் காரணமே கிடையாது. செல்போனில் கிரிக்கெட்டுக்குப் பணம் கட்டுகிற நம் பிள்ளைகளும் முதல் ஜெயத்தில்தான் மாட்டுகிறார்கள். 2025-ல் மத்திய அரசு சட்டம் போட்டு ஆன்லைன் பண விளையாட்டைத் தடைசெய்தது. மனசுக்குள்ளே இருக்கிறதை எந்தச் சட்டம் தடைசெய்யும்?

ஸ்டட்டுக்கு வின்சென்ட் என்று ஒரு சிநேகிதர். அவரும் இந்தியாவில் தோட்டக்காரராய் இருந்தவர். அயர்லாந்தில் ஒருநாள் ரயிலைத் தவறவிட்டு, பொழுதுபோக்காக மூடி பிரசங்கியாரின் கூட்டத்துக்குள் நுழைந்தவர், இரட்சிக்கப்பட்டு வெளியே வந்தார். இது ஸ்டட்டுக்குத் தெரியாது. 1875-ல் அருமையான ஒரு குதிரை தன்னிடம் இருக்கிறதென்றும், இருக்கிற காசையெல்லாம் அதன்மேல் கட்டும்படியும் வின்சென்ட்டுக்கு எழுதினார். பிறகு லண்டனில் சந்தித்தபோது, எவ்வளவு கட்டினாய் என்று விசாரித்தார். ஒரு காசும் கட்டவில்லை என்றார் வின்சென்ட். இவ்வளவு பெரிய முட்டாளா என்று ஸ்டட் சிரித்துவிட்டு, சாப்பாட்டுக்கு அழைத்து, அதற்குப்பின் எங்கே போகலாம் என்பதை அவரிடமே விட்டார். வின்சென்ட் கூட்டிக்கொண்டுபோனது டுரூரி லேன் நாடகக் கொட்டகைக்கு. அங்கே மூடியின் கூட்டம்! இடமே இல்லை. இன்றைக்கு விட்டால் இந்த மனுஷனை மறுபடியும் கொண்டுவர முடியாது என்று வின்சென்ட் ஒரு சீட்டு எழுதி உள்ளே அனுப்ப, பிரசங்கியாருக்கு நேர் எதிரே இடம் கிடைத்தது. ஸ்டட் பிரசங்கியாரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பின்பு திரும்பத் திரும்ப அந்தக் கூட்டங்களுக்கு வந்து, மனந்திரும்பினார்.

உடனே அவருக்கு ஒரு கவலை. பந்தயத்தை விடத்தான் வேண்டுமா? மூடியிடமே கேட்டார். மூடி பூசி மெழுகவில்லை. குதிரைப் பந்தயம் என்றால் பணம் கட்டுவதும் கூடவே வருமென்றும், அது நேர்மையான மனுஷனுக்கு எப்படிப் பொருந்துமென்று தனக்குத் தெரியவில்லை என்றும் சொன்னார். பிரியமிருக்கிறவரைக்கும் ஓட்டு, ஆத்துமாக்களை ஆதாயம் பண்ணின பிறகு உனக்கே பிடிக்காது என்றும் சொல்லிவிட்டார். ஸ்டட் அளவாய் வைத்துக்கொள்கிறேன் என்று பேரம் பேசவில்லை. மூத்த பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு குதிரை கொடுத்துவிட்டு, மற்றதெல்லாம் விற்றுப்போட்டார். மாளிகையின் பெரிய கூடத்தைக் காலிபண்ணி, நாற்காலியும் பெஞ்சும் போட்டுக் கூட்டங்கள் வைத்தார். குதிரைமேல் ஏறிப்போய், ஊராரை அவரே அழைத்துவருவார். தோல் பழையதுதான், உள்ளே இருப்பவர் வேறே ஆள் என்று வண்டிக்காரனே சொன்னானாம்.

பிள்ளைகளுக்குத்தான் தொல்லை! ராத்திரி அறைக்குள்ளே வந்து, மனந்திரும்பிவிட்டாயா என்று கேட்பார். சி.டி. தூங்குகிறவர்போலப் பாசாங்கு பண்ணுவார். பகலில் அப்பா வருவது தெரிந்தால் வீட்டின் மறுபக்கமாய் நழுவிவிடுவார். 1877-ல் தகப்பன் மரித்தார். கர்த்தருக்குள் இரண்டே வருஷம். அதற்குப் பின்புதான் சி.டி.யும் இரண்டு சகோதரரும் ஒரே நாளில் ஆண்டவரை ஏற்றுக்கொண்டார்கள்.

சி.டி.க்கு கிரிக்கெட்டே விக்கிரகமாய்ப் போச்சு. 1882-ல் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவிடம் 7 ரன்னில் தோற்ற அணியில் அவரும் இருந்தார். பின்பு அதையும் விட்டார். தகப்பன் வைத்துப்போன சொத்தில் அவருடைய பங்கு சுமார் 29,000 பவுன். சீனாவிலிருந்தே அதைக் கொடுத்துவிடத் தீர்மானித்தார். 1887 ஜனவரியில் அனுப்பினதில் 5,000 பவுன் ஜார்ஜ் முல்லருக்கு. அனாதைப் பிள்ளைகளைப் போஷித்த அந்த முல்லர் யார் தெரியுமா? 14 வயதில், தாய் மரித்துக்கொண்டிருந்த இரவில், அது தெரியாமலே விடியற்காலை 2 மணிவரை சீட்டாடிக்கொண்டிருந்தவர்! பந்தயக் குதிரை வளர்த்த வீட்டுப் பணம், முன்னாள் சீட்டாட்டக்காரர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. இன்னொரு 5,000 மூடிக்கு.

தங்கள் குடும்பத்திலிருந்து யாராவது இந்தியாவுக்குச் சுவிசேஷத்தோடு போகவேண்டும் என்பது எட்வர்ட் ஸ்டட்டின் ஆசை. 1900-ல் சி.டி. வந்தார். முதலில் போனது திர்ஹூட்டுக்கு. அப்பாவோடு தோட்டம் பார்த்தவர்கள் இருந்த அதே ஊர்களில் கூட்டம் நடத்தினார். பின்பு நம்முடைய ஊட்டியில் யூனியன் சர்ச் போதகராக 1906 வரை இருந்தார்.